வேலியோரத்து மண்

கீழ்த் தோட்டம்
ஜூன் 9

சம்பந்தி அவர்களுக்கு,

இனி உங்களோடு பேச மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. நம் இரு தோட்டங்களுக்கும் நடுவிலுள்ள வேலித்தூணில் ஒரு காலி பிஸ்கட் டப்பாவைக் கட்டியிருக்கிறேன். பதில் இருந்தால் அதில் போடுங்கள். நான் அந்தப் பக்கம் நிற்கும் நேரம் பார்த்து வர வேண்டாம்.

அன்று கத்தியதில் பாதி காற்றோடு போய்விட்டது. அதனால் ஒழுங்காக எழுதுகிறேன். நாற்பது ஆரஞ்சுக் கன்றுகள் நட்டேன். எனக்காக அல்ல. என் மகளும் உங்கள் மகனும் நவம்பரில் கைக்குழந்தையோடு இங்கேயே வந்துவிடப் போகிறார்கள், அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான். இப்போது அதில் பதினொரு கன்றுகளின் கொழுந்து திருகிக்கொண்டு நிற்கிறது. இலைகள் கரண்டி மாதிரி குழிந்துவிட்டன. ஏப்ரலில் நீங்கள் முதுகில் தெளிப்பானை மாட்டிக்கொண்டு களைக்கொல்லி அடித்ததை என் கண்ணால் பார்த்தேன். மே மாதம் மழை கொட்டியது. உங்கள் தோட்டம் மேட்டில், என் தோட்டம் பள்ளத்தில். இதற்குமேல் கணக்குப் போடத் தெரியாதவள் அல்ல நான். முப்பது வருடம் தையல்கடை நடத்தியவள். சாயம் போகும் துணி எது, அது எந்தத் துணியைக் கெடுத்தது என்று வாளியைப் பார்த்தே சொல்வேன்.

மகளிடம் போனில் சொன்னேன். அவள் சத்தம் போடவில்லை. "அது பாப்பா தவழப் போற மண்ணும்மா. மருந்து ஊறிக் கிடக்குன்னா நாங்க வரல. இங்கேயே இருந்துக்கறோம்" என்றாள்.

என்ன செய்யப் போகிறீர்கள்?

இப்படிக்கு,
கீழ்த் தோட்டம்


மேல் தோட்டம்
ஜூன் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வணக்கம். டப்பா கிடைத்தது. மூடி இறுக்கம், நகம் ஒன்று உடைந்தது. அதற்கு நான் தகுதியானவன்தான் என்று என் வீட்டுக்காரி சொல்கிறாள்.

தெளித்தது உண்மை. ஆனால் மரங்களுக்கு நடுவில் அல்ல. மேலே, தோட்டத்துக்குப் பின்னால் இருக்கும் புல்வெளியில், முள்செடிகளை ஒழிக்க. அங்கிருந்து உங்கள் வேலிக்கு இருநூறு அடியாவது இருக்கும். அவ்வளவு தூரம் அந்த மருந்து நடந்து வருமா? வரலாம், வராமலும் இருக்கலாம்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பள்ளிக்கூடம் விடும் நேரம். வாசலில் ஒரு பையன் நிற்கிறான். வகுப்பாசிரியர் ஒரு கையைப் பிடித்துக்கொண்டு "இருடா" என்கிறார். நண்பர்கள் இன்னொரு கையைப் பிடித்து "வாடா" என்று இழுக்கிறார்கள். மருந்தும் அப்படித்தான். மண் பிடித்து நிறுத்தப் பார்க்கும், தண்ணீர் இழுத்துக்கொண்டு போகப் பார்க்கும். களிமண் கண்டிப்பான ஆசிரியர். மணல் விட்டுவிடும். இதற்கிடையில் மண்ணிலுள்ள கிருமிகள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். யார் ஜெயித்தார்கள் என்று பார்வையால் சொல்ல முடியாது.

அதனால் மண்ணையே கேட்போம். நோயுற்ற கன்றின் அடியிலிருந்து மண் எடுத்துப் பானையில் போட்டு விதை ஊன்றுவோம். மருந்து இருந்தால் முளை காட்டிக்கொடுக்கும். நான் செய்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
மேல் தோட்டம்


கீழ்த் தோட்டம்
ஜூன் 13

சம்பந்தி அவர்களுக்கு,

பரீட்சை எழுதும் பையனே விடைத்தாளையும் திருத்துவதா? முப்பத்தைந்து வருடம் வாத்தியாராக இருந்த உங்களுக்கு இது தோன்றவில்லையே. நீங்களும் செய்யுங்கள், நானும் செய்கிறேன்.

நம் இரண்டு தோட்டத்துக்கும் கிளை வெட்டுகிறவன் அந்த ஏணி ஒருவன்தான், அவனையே தோண்டச் சொன்னேன். ஏணியை விட அவன் உயரம் என்பதால் அந்தப் பெயர், ஆனால் ஆள் நடுநிலை. மூன்று இடம்: திருகிப்போன நான்காம் கன்று, நன்றாக இருக்கும் இருபத்து மூன்றாம் கன்று, உங்கள் மேட்டுத் தண்ணீர் வந்து விழும் வேலியோரம். ஒவ்வோர் இடத்திலும் இரண்டு ஆழம். என் அளவு நாடாவைக் குழிக்குள் விட்டுப் பார்த்தேன், நான்கு அங்குலம், பதினான்கு அங்குலம். எல்லாவற்றையும் பாதி பாதியாகப் பிரித்து உங்கள் பங்கை வேலியோரம் வைத்திருக்கிறேன். பைகளில் சீட்டு ஒட்டியிருக்கிறது. கிழிக்காதீர்கள்.

உதாரணம் இல்லாமல் ஒரு கடிதம் எழுத முடியுமா உங்களால்? உங்கள் மகனும் இதே ரகம்தான். கல்யாணத்துக்கு முன் என் மகளுக்கு அவன் எழுதிய கடிதத்தில் ரயில் தண்டவாளம் வந்தது, பூமத்திய ரேகை வந்தது, "உன்னைப் பிடிக்கும்" என்பது ஏழாம் பக்கத்தில்தான் வந்தது.

கீழ்த் தோட்டம்


மேல் தோட்டம்
ஜூலை 1

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

முடிவு வந்துவிட்டது. ஆறு பானையிலும் முளைகள் நேராக, பச்சையாக, ஒரு சாண் உயரத்துக்கு நிற்கின்றன. நான்காம் கன்றின் மண்ணில் முளைத்ததுதான் எல்லாவற்றையும் விட உயரம். ஓர் இலைகூடத் திருகவில்லை. உங்கள் மண்ணில் குற்றம் இல்லை. ஆகவே, சொல்லிக்கொள்வது கொஞ்சம் சங்கடம்தான், என் மீதும் குற்றம் இல்லை.

கன்றுகளுக்கு வேறு ஏதோ நோய். நாற்றுப் பண்ணைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டலாம். மகளிடம் நல்ல செய்தியைச் சொல்லுங்கள். நானே சொல்லியிருப்பேன், ஆனால் முதலில் உங்களிடமிருந்து போவதுதான் முறை.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னை "படிச்சுப் படிச்சுப் புத்தி மழுங்கின மனுஷன்" என்றதை நான் மறந்துவிட்டேன்.

அன்புடன்,
மேல் தோட்டம்


கீழ்த் தோட்டம்
ஜூலை 2

சம்பந்தி அவர்களுக்கு,

மறந்துவிட்டதை இவ்வளவு சரியாக எழுதியிருக்கிறீர்கள்.

என் பானைகளின் கதையைக் கேளுங்கள். நான்காம் கன்றின் மேல்மண்ணில் பீன்ஸ் முளைத்தது. முளைத்து நான்காம் நாள் இலைகள் மூடிய முஷ்டி மாதிரி சுருண்டுகொண்டன. தண்டு பாம்பு மாதிரி வளைந்து பானைக்கு வெளியே தொங்குகிறது. ஆழத்து மண்ணில் கொஞ்சம் தேவலை. இருபத்து மூன்றாம் கன்றின் மண்ணில் ஒரு குறையும் இல்லை. ஒரே பை மண், பாதி உங்களிடம், பாதி என்னிடம். உங்களுக்கு மட்டும் எப்படி எல்லாரும் பாஸ்? மண்ணை மாற்றிவிட்டீர்களா?

ஏணியிடம் கேட்டேன். "ரெண்டு வாத்தியார் ஒரே பேப்பரைத் திருத்தினா இப்படித்தாம்மா" என்று சிரித்தான். அவனுக்கு இது சினிமா. மதியச் சாப்பாட்டை வேலியோரம் உட்கார்ந்து சாப்பிடுகிறான், யாராவது டப்பாவைத் திறப்பார்களா என்று பார்த்துக்கொண்டு.

உங்கள் பானை ஒன்றை வேலியோரம் வையுங்கள், என் பானை ஒன்றை நானும் வைக்கிறேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடலாம்.

ஒன்றை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன், மனசு கேட்கவில்லை. வேலியோரத்து மண்ணில் பீன்ஸ் அருமையாக வந்திருக்கிறது. இரண்டு ஆழத்திலும். அது ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

கீழ்த் தோட்டம்


மேல் தோட்டம்
ஜூலை 4, காலை

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வேலியோரம் நீங்கள் வைத்த பானையை எடுத்துவந்து, இரண்டையும் ஜன்னலோரம் வைத்து ஒரு மணி நேரம் பார்த்தேன். நீங்கள் மண்ணை மாற்றவில்லை, நானும் மாற்றவில்லை. நான் ஊன்றியது மக்காச்சோளம்.

வீட்டில் அந்த விதைதான் இருந்தது. மக்காச்சோளம் புல் இனம். நான் ஏப்ரலில் வாங்கிய மருந்து அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல்லை ஒன்றும் செய்யாது. அதற்காகத்தான் தேடி வாங்கினேன், முள்செடி சாகணும், புல் பிழைக்கணும் என்று. அந்த மருந்து மண்ணில் இருக்கிறதா என்று புல்லிடமே போய்க் கேட்டிருக்கிறேன். அது "எனக்கு ஒன்றும் தெரியவில்லையே" என்றது. கேட்க வேண்டிய மாணவனை விட்டுவிட்டுப் பக்கத்து வகுப்புப் பையனை எழுப்பிக் கேட்ட மாதிரி. உங்கள் பீன்ஸ் சொன்னதுதான் சரி. மண்ணில் மருந்து இருக்கிறது. நேற்று உங்கள் மீது நான் என்ன சந்தேகப்பட்டேன் என்பதை எழுத மாட்டேன்.

ஆனால் வேலியோரம் சுத்தமாக இருக்கிறது. அப்படியானால் மருந்து தண்ணீரோடு இறங்கி வரவில்லை. பிறகு எப்படி வந்தது?

மருந்து டப்பாவைத் தேடி எடுத்தேன். அதில் ஒட்டியிருந்த மடிப்புத் தாளைக் கத்தியால் பிரித்துக் கண்ணாடி போட்டுப் படித்தேன். ஏப்ரலில் முதல் பக்கத்தோடு நிறுத்தியிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது: தெளித்த இடத்துப் புல்லை வெட்டி வேறு செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பக் கூடாது, மருந்து புல்லுக்குள்ளேயே தங்கி, புல் மட்கும்போது மண்ணில் இறங்கும் என்று.

சம்பந்தியம்மா, மே மாதம் குழந்தை பிறந்த சேதி வந்த அன்று சந்தோஷத்தில் புல்வெளியை வெட்டி, காயவைத்து, ஏணியிடம் மூட்டைகள் கொடுத்தனுப்பினேன். கன்றுகளுக்கு வெயில் தாங்க மூடாக்குப் போடுங்கள் என்று. எத்தனை மூட்டை என்று எனக்கு நினைவிருக்கிறது. அவற்றை எங்கே போட்டீர்கள் என்று கேட்கத்தான் பயமாக இருக்கிறது.

மேல் தோட்டம்


கீழ்த் தோட்டம்
ஜூலை 4, மாலை

சம்பந்தி அவர்களுக்கு,

பதினொரு மூட்டை. பதினொரு கன்று.

மற்ற இருபத்தொன்பதுக்கும் என் வீட்டுச் சருகு. உங்கள் புல் பார்க்கப் பொன் நிறமாக இருந்தது. கடையில் நல்ல துணியை முன்னால்தானே மாட்டுவோம். வாசல் கதவைத் திறந்ததும் கண்ணில் படும் பதினொரு கன்றுகளாகப் பார்த்து, ஒன்றுக்கு ஒரு மூட்டை என்று, பிள்ளைகள் வரும்போது அழகாக இருக்க வேண்டும் என்று, என் கையால் பரப்பினேன். மூட்டையோடு ஏணி வந்து, "தாத்தா ஆனவர் குடுத்தனுப்பினார்மா" என்றான். நான் சிரித்ததுகூட நினைவிருக்கிறது.

ஒரு மாதமாக வேலியோரத்தையே முறைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.



கீழ்த் தோட்டம்


மேல் தோட்டம்
ஜூலை 6

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

நேற்று வேளாண் அலுவலகத்தில் மண் பார்க்கும் அம்மாவிடம் போய் முழுக் கதையையும் சொன்னேன். "சார், மாசத்துக்கு ரெண்டு பேர் இப்படி வர்றாங்க. ஆனா யாரும் பீன்ஸும் சோளமுமா தூக்கிட்டு வந்ததில்ல" என்றார். அவர் சொன்னபடி செய்ய வேண்டியது இதுதான். புல்லை ஒரு துரும்பு விடாமல் வாரி எடுக்க வேண்டும். எரிக்கவும் கூடாது, எருக்குழியில் போடவும் கூடாது. வந்த இடத்துக்கே, என் புல்வெளிக்கே திரும்பிப் போக வேண்டும். பிறகு கன்றின் வேர் அறுபடாமல் மேல்மண்ணைக் கிளறிக் காற்றோட்டமாக, ஈரமாக வைத்திருந்தால் கிருமிகள் மருந்தைத் தின்னும். சூடும் ஈரமும் காற்றும் இருந்தால் அவற்றுக்குப் பசி அதிகம். அப்படியும் சில மாதம் ஆகும்.

இதை உங்கள் பாஷையில் எனக்கே சொல்லிப் பார்த்தேன், நன்றாகப் புரிந்தது. புல்தான் சாயத் துணி. அது மண்ணில் கிடக்கும் வரை சாயம் விட்டுக்கொண்டே இருக்கும். முதலில் துணியைத் தூக்க வேண்டும், பிறகுதான் வாளியை அலச வேண்டும்.

மகனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எவ்வளவு ஆழம் வரை தோண்டினோம் என்று கேட்டான். பிறகு, "அப்பா, அக்டோபர் கடைசிக்குள்ள ரெண்டு ஆழத்துலயும் பீன்ஸ் நேரா நின்னா வர்றோம். நிக்கலன்னா வரல. மார்க்க நீங்க போட வேணாம், அத்தை போடட்டும்" என்றான். வளர்ப்பு சரியாகத்தான் இருக்கிறது.

புல்லை வார நானே வரட்டுமா? உங்களோடு பேச மாட்டேன் என்று உறுதி தருகிறேன்.

மேல் தோட்டம்


கீழ்த் தோட்டம்
ஆகஸ்ட் 20

சம்பந்தி அவர்களுக்கு,

எட்டு நாள் வந்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த டீயை வாங்கிக்கொண்டு, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனீர்கள். ஏணிதான் தாங்க முடியாமல், "ஊமைப் படம் பாத்த மாதிரி இருக்கும்மா, யாராவது திட்டியாவது தொலைங்க" என்றான். கோபத்தினால் அல்ல, வெட்கத்தினால்தான் பேசவில்லை என்று அவனிடம் எப்படிச் சொல்வது?

இன்று இரண்டாம் பரீட்சையின் முடிவு. மார்க் போடும் வேலை என்னுடையது என்பதால் மறைக்காமல் எழுதுகிறேன். நான்கு அங்குல மண்ணில் இலைகள் லேசாகத்தான் சுருங்கியிருக்கின்றன. ஜூலையில் பார்த்த முஷ்டி இல்லை. ஆனால் பதினான்கு அங்குல மண் போன முறையை விட மோசம். சாயம் மேல்துணியை விட்டு அடித்துணிக்கு இறங்கிவிட்டது. போன மாதம் மூன்று நாள் அடித்த மழையின் வேலை. மூன்றாம் கன்றும் எட்டாம் கன்றும் பட்டுப்போய்விட்டன. நகத்தால் பட்டையைக் கீறிப் பார்த்தேன், பச்சை இல்லை.

இது கீழே கீழே போய்க்கொண்டே இருந்தால் எப்போது தீரும்? அக்டோபர் கடைசிக்கு இன்னும் பத்து வாரம்தான். மகள் குட்டிக் காலணியின் படம் அனுப்பியிருக்கிறாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் பானையைப் பார்க்கப் போனேன். அப்படிச் செய்திருக்கக் கூடாது.

கீழ்த் தோட்டம்


மேல் தோட்டம்
ஆகஸ்ட் 21

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

உதாரணம் இல்லாமல் எழுதுகிறேன்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. மண் பார்க்கும் அம்மாவிடம் கேட்டேன். ஆழத்தில் கிருமிகள் குறைவு, அதனால் அங்கே மெதுவாகத்தான் தீருமாம். ஆனால் புல்லை எடுத்துவிட்டதால் மேலிருந்து புதிதாக எதுவும் இறங்காது. இருப்பது இருப்பதுதான், அது குறையத்தான் செய்யும். அவசரப்பட்டுத் தண்ணீர் பாய்ச்சி அலச வேண்டாம் என்று சொன்னார். அலசினால் ஒழியாது, இன்னும் கீழே போகும், பிறகு நம் கைக்கு எட்டாது. மண் ஈரமாக இருந்தால் போதும். அலச வேண்டும் என்று நான் எழுதியது தவறு. அதை அடித்துவிடுங்கள்.

பட்டுப்போன இரண்டையும் பிடுங்கிவிடுங்கள். அந்த இடத்தில் இப்போதைக்கு எதையும் நட வேண்டாம்.

காலணி படம் எங்களுக்கும் வந்தது. என் வீட்டுக்காரி அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறாள். தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம் எனக்கு ஒரு குட்டு.

மேல் தோட்டம்


கீழ்த் தோட்டம்
அக்டோபர் 24

சம்பந்தி,

மூன்றாம் பரீட்சை. நான்கு அங்குலம்: நேர். பதினான்கு அங்குலம்: நேர். நம்பாமல் ஒன்பது கன்றின் மண்ணிலும் செய்தேன், பதினெட்டுப் பானை. வீட்டில் சமைக்கப் பாத்திரம் இல்லை, எல்லாவற்றிலும் பீன்ஸ். ஒவ்வொரு செடியின் பக்கத்திலும் என் மர ஸ்கேலை நிறுத்திப் பார்த்தேன். ஒரே ஒரு செடி சாய்ந்திருந்தது. அதை மட்டும் மூன்று முறை அளந்தேன். பிறகு பார்த்தால் அது ஜன்னல் வெளிச்சத்துக்குச் சாய்ந்தது. பானையைத் திருப்பி வைத்தேன், மறுநாள் நிமிர்ந்துவிட்டது.

ஒன்பது கன்றுகளிலும் புதுக்கொழுந்து. இலைகள் இஸ்திரி போட்ட மாதிரி விரிந்து நிற்கின்றன. அடியிலுள்ள பழைய இலைகள் மட்டும் இன்னும் கரண்டிதான். அவை அப்படியே இருக்கட்டும், ஞாபகத்துக்கு.

படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் போன் வந்தது. "டிக்கெட் போட்டாச்சும்மா. பாப்பா துணியெல்லாம் மூட்டை கட்டறேன்" என்றாள். மூட்டை என்ற சொல்லைக் கேட்டதும் ஒரு நொடி தூக்கிவாரிப்போட்டது. பிறகு சிரித்தேன்.

நூற்றுக்கு நூறு. மார்க் போட்டாயிற்று.

கீழ்த் தோட்டம்


கீழ்த் தோட்டம்
நவம்பர் 16

அன்புள்ள சம்பந்தி,

நீங்கள் இப்போது என் முன்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறீர்கள். அடுக்களையில் நின்று எழுதுகிறேன், உங்கள் குரல் நன்றாகக் கேட்கிறது. மக்காச்சோளக் கதையை என் மகளிடம் மூன்றாம் முறை சொல்கிறீர்கள். ஒவ்வொரு முறையும் சோளம் இரண்டு அங்குலம் வளர்கிறது. "மாமா, போன தடவை ஒரு சாண்தானே?" என்று அவள் கேட்கிறாள். உங்கள் மகன் வாசலில் இரண்டு காலி இடங்களையும் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அடுத்த வருடம் அதில் தானே கன்று வைப்பானாம். அதற்குமுன் பீன்ஸ் போட்டுப் பார்ப்பானாம். குழந்தை நான்காம் கன்றின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளிக்கொண்டிருக்கிறது. நான் தடுக்கவில்லை. வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள ஏணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறான், அவ்வளவு உயரமான ஆள் இவ்வளவு குட்டையாகி நான் பார்த்ததில்லை.

காலையிலிருந்து நாம் நிறையப் பேசிவிட்டோம். குழந்தையின் மூக்கு யார் ஜாடை என்று கொஞ்சம் சண்டைகூடப் போட்டோம். ஆனால் ஒன்றை நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் டப்பாவில் போடுகிறேன். வீட்டுக்குத் திரும்பும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.

மதியம் பீன்ஸ் பொரியலை இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "இவ்வளவு பிஞ்சா எங்க வாங்கினீங்க?" என்று கேட்டீர்கள். கடையில் என்று சொல்லிவிட்டேன். கடையில் வாங்கவில்லை. ஜூலையில் வேலியோரத்து மண்ணில் முளைத்த அந்த நல்ல செடிகளைத் தூக்கி எறிய மனம் வராமல் வேலியோரத்திலேயே நட்டுவைத்தேன். அவை காய்த்து, அந்த விதையைப் போட்டு மறுபடி வந்தது இது. உங்கள் மேட்டுத் தண்ணீர் வந்து விழும் இடம்தான். நான் முதல் நாளே குற்றம் சாட்டிய மண்.

நீங்கள் இரண்டாம் முறை கேட்டபோதே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் சம்பந்தியம்மா